திவானின் உருவப்படம்: திருவிதாங்கூரில் எண்ணெய் வண்ண ஓவியமும் அமைச்சர் பதவியின் மதிப்பும்

அரசின் அமைச்சரை, அவர் வகித்த பதவியின் சின்னமாகவே எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வைக்கும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேரூன்றியிருந்தது. ஸ்பெயினில் 1798ஆம் ஆண்டு கோயா தீட்டிய அமைச்சர் ஹோவெயானோஸின் படம் இதற்கு ஒரு முன்னோடியாகும். மேசையில் முழங்கை ஊன்றி, தலையைக் கையில் தாங்கி, மறுகையில் தாளுடன் அமர்ந்திருக்கும் அவர், வாளால் அன்றி எழுத்தால் ஆள்பவராகக் காட்டப்படுகிறார். அடுத்த நூற்றாண்டில் ஃபெதெரிகோ தே மத்ராசோ போன்றோர் அந்நாட்டின் அரசியல் தலைவர்கள் பலரை வரைந்தனர். இந்தக் கலைவடிவம் தென்னிந்தியாவில் கால்கொண்ட இடங்களுள் திருவிதாங்கூர் முதன்மையானது. நாகர்கோவிலின் வடசேரி உள்ளிட்ட நாஞ்சில் நாடு 1949 வரை திருவிதாங்கூரிலும், பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது.

திருவிதாங்கூரில் முதலமைச்சர் தொடக்கத்தில் தளவாய் எனப்பட்டார். படைத்தலைமையைக் குறித்த இப்பெயருக்கு மாறாக, வருவாயையும் நிர்வாகத்தையும் முன்னிறுத்தும் திவான் என்ற பட்டத்தை முதலில் ஏற்றவர் கேசவதாஸ். அவர் பிறந்த விளவங்கோடு பகுதியும், வேலுத்தம்பித் தளவாய் பிறந்த தலக்குளமும் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளன. அக்காலத்தில் அரசு சார்ந்த ஓவியத்தின் நடுவில் இருந்தது தெய்வமே என்பதற்குப் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகைச் சுவரோவியங்கள் சான்று.

சுவாதித் திருநாள் காலத்தில் (1829–1846) மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு அரசவை ஓவியராக விளங்கினார். அக்காலத் தஞ்சாவூர்ப் பாணி ஓவியத்தில், வடசேரிக் கைவினைஞர்கள் கோவில் நகைகளுக்கு வெள்ளியின் மேல் தங்க ரேக்கு பதிப்பது போலவே, பொன்னைக் காட்டப் பொன்னையே ஒட்டினார்கள். ஆளிவிதை எண்ணெயில் நிறப்பொடியைக் குழைத்துத் தீட்டும் எண்ணெய் வண்ணத்தில் நிலைமை வேறு. அது மெதுவாக உலர்வதால் ஒரு நிறத்தை அடுத்த நிறத்தோடு இழைத்துச் சேர்க்க முடிகிறது. பொன்னின் மினுமினுப்பும் பட்டின் மடிப்பும் முகச்சுருக்கமும் நிழலாலும் ஒளியாலும் மட்டுமே உருவாகின்றன. இன்னார் என்று அடையாளம் காணத்தக்க ஒரு மனித முகத்தை அரசுச் சின்னமாக ஆக்குவதற்கு இந்நுட்பம் பெரிதும் துணைசெய்தது.

இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பவர் சர் டி. மாதவ ராவ். 1828இல் கும்பகோணத்தில் தஞ்சை மராத்தியக் குடும்பத்தில் பிறந்த அவர், 1849இல் திருவிதாங்கூர் இளவரசர்களுக்கு ஆசிரியரானார். பின்னர் நாஞ்சில் நாடு அடங்கிய தென் கோட்டத்தின் பேஷ்காராக, அதாவது திவானுக்கு அடுத்த நிலை அதிகாரியாகப் பணியாற்றி, 1858 முதல் 1872 வரை திவானாக இருந்தார். 1866இல் பிரித்தானிய அரசு அவருக்கு சர் பட்டம் வழங்கியது.

அவர் திவானாக இருந்தபோதுதான், 1862இல், பதினான்கு வயது ரவி வர்மா கிளிமானூரிலிருந்து திருவனந்தபுரம் வந்தார். அரண்மனை ஓவியர் ராமசாமி நாயுடு எண்ணெய் வண்ண நுட்பத்தைக் கற்பிக்க மறுக்க, அவருடைய மாணவர் ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்று வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1868இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இசைந்தார். இவ்வாறு அரிதின் முயன்று கைவரப்பெற்ற கலையால் ரவி வர்மா பின்னாளில் மாதவ ராவின் உருவத்தையும் தீட்டினார். பின்னர் பரோடாவின் திவானாக இருந்த மாதவ ராவின் அழைப்பின் பேரில், 1881இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் ஆட்சிப் பொறுப்பேற்ற விழாவையொட்டி ரவி வர்மா அங்குச் சென்றார். ஓவியங்களை வண்ண அச்சுப் படிகளாக்கிப் பரப்பலாம் என்று அவருக்கு யோசனை கூறியவரும் மாதவ ராவே. 1894இல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் தொடங்கியது. ஆகவே, ஓவியத்தில் இடம்பெற்ற அமைச்சரே அந்த ஓவியக்கலை அரண்மனையைக் கடந்து மக்களின் வீடுகளுக்குச் செல்லவும் வழிகாட்டியவர் ஆகிறார்.

எனினும் உருவப்படம் பதவியின் கண்ணியத்தை மட்டுமே காட்டும். ஆட்சியின் முழுமையைக் காட்டாது. மாதவ ராவ் திவானாகப் பொறுப்பேற்ற காலத்தில் நாகர்கோவில் வட்டாரத்தில் தோள்சீலைக் கலகம் வெடித்தது. 1859 ஜூலையில் வெளியான அரசு ஆணை, நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை ஏற்றபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற தடையைத் தக்கவைத்தது. படத்தில் காணும் அமைதியான திவானும், இந்த அரைகுறை ஆணைக்குப் பொறுப்பான திவானும் ஒருவரே.

எனவே, அமைச்சரின் அரசுமுறை உருவப்படத்தை அழகியல் பொருளாக மட்டும் கருதுவது போதாது. மன்னரையும் தெய்வத்தையும் சார்ந்திருந்த அரசதிகாரம், கல்வி கற்ற ஓர் அலுவலரின் முகத்திலும் குடியேறியதற்கு அது நேர்ச்சான்று. அச்சான்றை அக்கால அரசாணைகளோடும், ஓவியக்கலைக்கு வழிவகுத்த அழகிரி நாயுடு, ஆறுமுகம் பிள்ளை போன்ற ஓவியர்களின் பங்கோடும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நாஞ்சில் நாட்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு நிறைவு பெறும்.