கம்பத்தின் அடியிலே கடல்

கம்பியில்லாத் தந்தியின் வரலாற்றை எழுதியோருட் பலர் வானை நோக்கியவாறே எழுதியுள்ளனர். 1901 டிசம்பரில் நியூபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றிலே மார்க்கோனி பறக்கவிட்ட பட்டமும் அதிற் கட்டிய நெடுங்கம்பியும் பாடநூல்களில் இடம்பெற்றன. அக்கம்பியின் மறுமுனை எங்கே சென்றது என்ற வினாவோ அரிதாகவே எழுந்தது. இடம் நெருக்கமான கப்பலிலே அவ்வினா உயிர்காக்கும் வினாவாயிற்று.

1895ஆம் ஆண்டு இத்தாலியின் பொலோஞ்ஞா நகருக்கு அண்மையிலுள்ள பொன்தெக்கியோவில் இளைஞரான மார்க்கோனி, ஹேர்ட்ஸ் கையாண்ட கருவியிற் சிறியதொரு மாற்றத்தைச் செய்தார். காற்றிலே நின்ற இரு உலோகப் பகுதிகளுள் ஒன்றைக் கம்பத்தின்மேல் உயர்த்தி, மற்றையதை மண்ணிற் புதைத்தார். குறுந்தூரத்தில் நின்ற சைகைகள் ஏறத்தாழ 2.4 கிலோமீற்றர் தூரம் சென்றன. அதே ஆண்டில் ருசியாவிற் பொப்போவ் அமைத்த மின்னலறி கருவியும் ஒரு முனையால் வான்கம்பியையும் மறுமுனையால் நிலத்தையும் பற்றியிருந்தது. எனினும் மார்க்கோனி பின்னர் வகுத்த விதி உயரத்தையே பேசிற்று. தூரம் கம்பத்தின் உயரத்தினது வர்க்கத்துக்கேற்பக் கூடுமென்றது. வரலாற்றாசிரியரின் பார்வை மேல்நோக்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

செங்குத்தான கம்பி நன்கு கடத்தும் தளத்தின்மீது நிற்குமாயின், அத்தளம் கண்ணாடிபோலத் தொழிற்படும். குளக்கரைத் தென்னையும் நீரில் அதன் நிழலும் சேர்ந்து இருமடங்கு உயரமாய்த் தோன்றுவது போன்றதே இது. ஆதலால் அரை அலைநீளம் வேண்டிய இடத்திற் கால் அலைநீளமே போதுமாகின்றது. ஆனால் அக்காலக் கப்பல்களின் பொது அலைநீளம் 600 மீற்றர். அதன் காற்பங்கு 150 மீற்றர். 1912இல் உலகின் மிகப்பெரிய கப்பலாயிருந்த ரைற்றானிக்கின் பாய்மரக் கம்பங்களே நீர்மட்டத்திலிருந்து சுமார் 60 மீற்றர்தாம். எனவே இரு கம்பங்களுக்கிடையே கம்பிகளைக் கிடையாகக் கட்டி, நடுவிலிருந்து கருவியறைக்கு ஒரு கம்பியை இறக்கினர். கிடைக்கம்பிகள் கொள்ளளவத்தைக் கூட்டி, உயரக் குறைவை ஓரளவு ஈடுசெய்தன.

ஓரளவே என்பது கவனித்தற்குரியது. வான்கம்பி குறுகக் குறுக அதன் கதிர்ப்புத்தடை விரைந்து குறையும். புவித்தொடுப்பின் தடையோ அவ்வாறு குறைவதில்லை. தொடுப்பு தரமற்றதாயின் செலுத்தியின் வலுவிற் பெரும்பங்கு மண்ணைச் சூடாக்குவதிலேயே வீணாகும். இதனைத் தவிர்க்க நிலத்திலே தகடுகளையும் நெடுங்கம்பிகளையும் புதைப்பர். பாறை நிலமாயின் தரைக்குச் சற்று மேலே எதிர்க்கம்பி வலை விரிப்பர். இரண்டிற்கும் பரந்த இடம் வேண்டும். கப்பலுக்கு அந்த இடர் இல்லை. இரும்பு உடலே தகடாகின்றது. அதனைச் சூழ்ந்த உப்புநீர், உலர்ந்த மண்ணினும் பன்மடங்கு நன்றாக மின்னைக் கடத்துகின்றது. மேலே மறுக்கப்பட்டதைக் கீழே கடல் அளித்தது எனலாம்.

இதன் பயன் முற்கூட்டியே வெளிப்பட்டிருந்தது. 1898 டிசம்பரில் இங்கிலாந்தின் கிழக்குக் குட்வின் வெளிச்சக்கப்பலிற் கருவிகள் பொருத்தப்பட்டன. ஆடும் தளம், ஒடுங்கிய அறை என்ற நிலையிலும் ஏறத்தாழ 19 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த தெற்கு போர்லண்ட் வெளிச்சவீட்டோடு தொடர்பு நிலைத்தது. 1899 மார்ச்சில் எல்பே என்னும் கப்பல் மணற்றிட்டிலே தரைதட்டியபோது உயிர்காப்புப் படகை அழைத்தது அக்கருவியே. அடுத்த மாதம் ஆர். எவ். மத்தியூஸ் என்னும் நீராவிக் கப்பல் மோதியபோது, வெளிச்சக்கப்பல் தனக்காகவே உதவி கோரிற்று. பிறரைக் காக்க நிறுத்திய கப்பல் தானே அபயக்குரல் எழுப்பிய நிகழ்ச்சி வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றாகும்.

1912 ஏப்ரல் 15 அதிகாலையில் ரைற்றானிக்கின் பிலிப்சும் பிறைட்டும் அனுப்பிய செய்தி கார்ப்பேதியாவை எட்டியது; 700க்கு மேற்பட்டோர் பிழைத்தனர். பிலிப்ஸ் பிழைக்கவில்லை. நீர் ஏற ஏறக் கப்பலின் நீராவி குறைந்தது. அதனோடு மின்வலுவும் குன்றியது. 1914 ஜனவரியில் இலண்டனிற் கூடிய நாடுகள், அவசரக் கருவி கப்பலின் மேற்பகுதியில், தனக்கெனத் தனி மின்வலுவோடு, குறைந்தது 6 மணித்தியாலம் இயங்கவேண்டுமென உடன்பட்டன. அவ்வாண்டே போர் மூண்டமையால் அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. அதன் இடத்தை நிரப்ப 1929இல் மற்றோர் உடன்படிக்கை வேண்டியதாயிற்று.