பொன்னும் ஒளியும் காந்தமும்

கொட்டாஞ்சேனையை அடுத்துள்ள செட்டியார் தெரு, கொழும்பு மாநகரின் பொன் வாணிகத்துக்குப் பெயர்பெற்றது. பொன்னை உரைத்து மாற்றுக் காணும் பத்தர்கள் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு: காந்தம் இரும்பை ஈர்க்கும், பொன்னை ஈர்க்காது. அப்பொன்னையும் ஒளியினாற் காந்தமாக்கலாம் என்பது இந்நூற்றாண்டு கண்ட புதுமை. அதன் வரலாறு கொல்லர் ஒருவரின் மகனிடமிருந்து தொடங்குகின்றது.

இலண்டனிற் புத்தகங் கட்டும் தொழில் பயின்று, பின்னர் அறிவியலுக்கு வந்தவர் மைக்கல் பரடே. ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு இருத்தல் வேண்டுமென அவர் நம்பினார். முயற்சிகள் பல பயனின்றிக் கழிந்தன. முன்னர், 1820களில், நல்ல வில்லைகள் செய்யும் நோக்குடன் ஈயங் கலந்து கனத்த கண்ணாடி உருக்கியிருந்தார். அம்முயற்சியும் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆயினும் 1845 செப்டெம்பர் 13 ஆம் நாள் அக்கண்ணாடியே கைகொடுத்தது. ஒரே தளத்தில் அதிரும் ஒளி அதனூடே சென்றபோது, காந்தம் அத்தளத்தைத் திருப்பிற்று. காந்தம் ஒளியை ஆளும் என்பது தெளிவாயிற்று.

1857 இல் அவரே பொன்னை மிக நுண்ணிய துணிக்கைகளாக நீரிற் பரவச் செய்தார். மஞ்சட் பொன் மாணிக்கச் சிவப்பாய்த் தோன்றிற்று. ஆனால் இவ்விரு ஆய்வுகளும் தம்முள் இணையாமலே நின்றன.

காந்தத்துக்கு உட்பட்ட திரவங்களில் ஒளி எவ்வாறு பிளவுறும் என்பதைத் தமிழகத்தவரான சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1927 இல் கல்கத்தாவில் ஆராய்ந்து விளக்கினர்.

அங்ஙனமாயின், ஒளி காந்தத்தை ஆளுமா? ஆளும் என 1960 அளவிற் சோவியத் அறிஞர் பித்தாயெவ்ஸ்கி கணித்துக் கூறினார். 1965 இல் அமெரிக்க ஆய்வாளர் லேசர் ஒளிகொண்டு அதனை மெய்ப்பித்தனர். 2020 இல் டெக்சாஸ் மாநில ஆய்வாளர் பொன்னின் நனோ துணிக்கைகளில் அதனை அளந்து காட்டினர். நனோமீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. சுழன்று செல்லும் ஒளி, துணிக்கையிலுள்ள இலத்திரன்களையும் சுழலச் செய்கின்றது. சுழலும் மின்னோட்டம் காந்தமாகின்றது. ஒளி நின்றவுடன், ஒரு செக்கனின் இலட்சங் கோடியில் ஒரு பங்கு கழியுமுன்னரே, காந்தமும் மறைகின்றது. பாரமான காந்தங்களின்றியே ஒளியை ஒருவழிப்படுத்தும் கருவிகளுக்கு இது வழிகாட்டக்கூடும்.

பரடேயின் ஈராய்வுகளும் ஒன்றுகூடுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வில்லைக்கு உதவாத கண்ணாடியை அவர் எறிந்துவிடவில்லை. இன்றைய பயனை மட்டும் கேட்டு ஆய்வுகளைக் கைவிடும் நாடு, நாளைய பயனையும் இழந்துவிடும்.