நியூயார்க் ரயில் கிராஃபிட்டி

நியூயார்க் நகரத்துப் பதின்ம வயதினர், 1960களின் இறுதியிலிருந்து 1989 வரை, தங்கள் புனைபெயர்களைச் சுவர்களிலும் சுரங்க ரயில் பெட்டிகளிலும் எழுதிப் பரப்பிய வழக்கம் ரயில் கிராஃபிட்டி எனப்படுகிறது. சட்டப்படி இது பொதுச் சொத்தைச் சேதப்படுத்தும் குற்றம். அதே வழக்கத்திலிருந்து தனியான எழுத்துக்கலை ஒன்றும், பெயரை மட்டுமே முதலாகக் கொண்ட மதிப்பு முறை ஒன்றும் வளர்ந்தன.

பின்னணி

அமெரிக்க நகரங்களில் தெருக் கும்பல்கள் தம் பெயரைச் சுவரில் எழுதுவது பழைய பழக்கம். அந்த எழுத்து எல்லைக்கல் போன்றது. எந்தத் தெரு யாருடையது என்பதை எதிரிக்கு அறிவிப்பது. கும்பலுக்காக அன்றித் தனக்காகவே ஊரெங்கும் பெயர் எழுதும் பழக்கம் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கியது. அங்கே 1960களில் சிறார் சீர்திருத்த இல்லமொன்றில் இருந்த டாரில் மெக்ரே, சோளரொட்டி வேண்டும் என்று சமையல்காரரை ஓயாமல் நச்சரித்ததால் ‘கார்ன்பிரெட்’ என்ற பட்டப்பெயர் பெற்றார். வெளியே வந்ததும் அந்தப் பெயரை நகரமெங்கும் எழுதினார். அவர் இறந்துவிட்டதாகத் தவறான செய்தி வெளிவந்தபோது, உயிருடன் இருப்பதைக் காட்ட உயிரியல் பூங்கா யானையின் மேல் தன் பெயரை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார்.

பெயரும் தெரு எண்ணும்

நியூயார்க்கில் இவ்வழக்கத்தை ஊரறியச் செய்தவர் டாக்கி 183. கிரேக்கக் குடும்பத்தில் பிறந்த டிமிட்ரியஸ் என்ற இளைஞரின் செல்லப்பெயர் டாக்கி. 183 என்பது மன்ஹாட்டனின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் அவர் வாழ்ந்த தெருவின் எண். தம் பகுதியில் முன்பே எழுதிவந்த ஜூலியோ 204 என்பவரைப் பார்த்து அவர் எழுதத் தொடங்கினார். கடிதங்களையும் பொட்டலங்களையும் கொண்டுசேர்க்கும் வேலையில் இருந்ததால், போன இடமெல்லாம் மார்க்கர் பேனாவால் பெயரைப் பதித்தார். 1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. பெயரைப் பலமுறை எழுதினாலே ஒருவர் நகரம் முழுவதும் அறியப்படலாம் என்பதைப் பல சிறுவர்கள் அதிலிருந்து தெரிந்துகொண்டார்கள். பார்பரா 62, ஈவா 62 ஆகிய பெண்களும் தொடக்ககாலத்திலேயே எழுதினார்கள்.

சுவரில் எழுதிய பெயரை அந்தத் தெருவில் நடப்பவர்கள் மட்டுமே காண்பார்கள். ரயில் பெட்டியில் எழுதினால் அது பிராங்ஸிலிருந்து புரூக்ளின் வரை பயணம் செய்யும். தன் பேட்டையை விட்டு வெளியே போக அஞ்சிய சிறுவனின் பெயரும் இவ்வாறு முன்பின் தெரியாதவர்களைச் சென்றடைந்தது. ரயில் பெட்டி இவ்வழக்கத்தின் முதன்மைத் தளமானது இதனால்தான்.

குழுக்களும் மதிப்பும்

கையொப்பம் போல விரைந்து எழுதும் பெயர் ‘டேக்’ எனப்பட்டது. எழுதுவோர் தம்மை ‘ரைட்டர்’ என்றே அழைத்துக்கொண்டார்கள். சேர்ந்து எழுதும் கூட்டம் ‘க்ரூ’. புரூக்ளினில் உருவான எக்ஸ் வாண்டல்ஸ் தொடக்ககாலக் குழுக்களுள் ஒன்று. கும்பலுக்கு ஒரு தெருவைக் காப்பது நோக்கம். க்ரூவுக்கு எல்லாத் தெருவையும் எட்டுவது நோக்கம். எனவே வெவ்வேறு பேட்டையையும் இனத்தையும் சேர்ந்தவர்கள் ஒரே க்ரூவில் இருந்தார்கள். ஒருவர் காவல் பார்க்க மற்றவர் வரைவது, பெயின்ட் பகிர்வது, புதியவருக்குக் கைப்பழக்கம் கற்றுத்தருவது ஆகியவை அதன் பணிகள். பெயின்ட் டப்பாக்கள் பெரும்பாலும் கடைகளில் திருடப்பட்டவை.

ஒரு ரயில் தடத்தில் மிகுதியாகப் பெயர் பதித்தவர் அத்தடத்தின் ‘கிங்’. அனுபவமற்றவர் ‘டாய்’. இன்னொருவர் நடையைத் திருடுவதும், ஒருவர் எழுத்தின்மேல் எழுதுவதும் இழுக்கு. மேலெழுதியதால் கைகலப்பும் மூண்டது. பிராங்ஸில் 149ஆம் தெரு – கிராண்ட் கான்கோர்ஸ் நிலையத்தின் பெஞ்சு ஒன்றில் ரைட்டர்கள் கூடி, கடந்துபோகும் 2, 5 தட ரயில்களைப் பார்த்து எழுத்தின் தரத்தை எடைபோட்டார்கள். இந்தத் தீர்ப்பே ஒருவரின் மதிப்பை நிர்ணயித்தது.

எழுத்துநடையின் வளர்ச்சி

பெயர்கள் பெருகிய பின் எண்ணிக்கையால் மட்டும் தனித்துத் தெரிய முடியவில்லை. எழுத்தின் வடிவம் முக்கியமாயிற்று. 1972 வாக்கில் சூப்பர் கூல் 223 அகன்ற மூடி பொருத்திய ஸ்பிரே டப்பாவால் பெரிய எழுத்துகளை நிரப்பினார். ஃபேஸ் 2 குமிழி போல் உப்பிய எழுத்தை உருவாக்கினார். எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னி, பழகாதவர் வாசிக்க முடியாத ‘வைல்டு ஸ்டைல்’ பின்னர் வந்தது. லீ கினியோனஸ் இடம்பெற்ற ஃபேபுலஸ் ஃபைவ் குழு 1970களின் பிற்பகுதியில் பத்துப் பெட்டிகள் கொண்ட முழு ரயிலையே வரைந்தது. டோண்டியும், ஈக்வடாரில் பிறந்த லேடி பிங்கும் அடுத்த தலைமுறையில் பெயர்பெற்றார்கள்.

நகர நிர்வாகத்தின் நடவடிக்கை

மேயர் ஜான் லிண்ட்சே காலத்தில், 1972இல், கிராஃபிட்டிக்கு எதிரான சட்டம் வந்தது. ஆனால் 1970களின் நிதி நெருக்கடியில் ரயில்களைப் பராமரிக்கவே பணமில்லை. மேயர் எட் காச் காலத்தில், 1981இல், ரயில்கள் நிறுத்தப்படும் கொரோனா யார்டில் இரட்டை வேலி போட்டு இடையே காவல் நாய்கள் விடப்பட்டன. 1983 செப்டம்பரில், நிலையச் சுவரில் எழுதியதாகக் கைதான மைக்கேல் ஸ்டூவர்ட் என்ற 25 வயது இளைஞர் காவலில் நினைவிழந்து, பின்னர் மருத்துவமனையில் இறந்தார். வழக்கில் காவலர்கள் 1985இல் விடுவிக்கப்பட்டார்கள். நகரில் கண்டனம் எழுந்தது.

1984இல் டேவிட் கன் ரயில் நிர்வாகப் பொறுப்பேற்று, சுத்தம் செய்த பெட்டி மீண்டும் கிராஃபிட்டியோடு ஓடக் கூடாது என்ற விதியைக் கொண்டுவந்தார். எழுதிய பெயரை யாரும் பார்க்கப்போவதில்லை என்றானபோது எழுதும் தூண்டுதல் குன்றியது. 1989 மே 12 அன்று, எழுத்துள்ள கடைசி ரயில் சேவையிலிருந்து விலக்கப்பட்டதாக நிர்வாகம் அறிவித்தது.

பரவலும் பின்விளைவும்

ரயிலில் அழிந்த எழுத்து, படங்களில் நிலைத்தது. ‘ஸ்டைல் வார்ஸ்’ ஆவணப்படமும் (1983), மார்தா கூப்பர், ஹென்றி சால்ஃபன்ட் ஆகியோரின் ‘சப்வே ஆர்ட்’ புகைப்பட நூலும் (1984) இக்கலையை ஐரோப்பாவுக்கும் பிற நாடுகளுக்கும் கொண்டுசென்றன. ஃபிலடெல்ஃபியா நகரம் 1984இல் தொடங்கிய கிராஃபிட்டி எதிர்ப்புத் திட்டம், சிறுவர்களைச் சுவரோவியத்தின் பக்கம் திருப்பிப் பின்னாளில் பெரும் சுவரோவிய இயக்கமானது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், உரிமையாளர் இசைவோடு கிராஃபிட்டி வரையப்பட்ட ‘ஃபைவ் பாயின்ட்ஸ்’ கட்டடம் 2013 நவம்பரில் ஓரிரவில் வெள்ளையடிக்கப்பட்டது. ஓவியர்கள் தொடுத்த வழக்கில், 45 படைப்புகள் அழிக்கப்பட்டதற்காக 21 பேருக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்குமாறு 2018இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.