பிரேக் ஆயில்

மிதியில் கால் தரும் அழுத்தத்தைச் சக்கரங்களின் பிரேக்குகளுக்குக் கடத்தும் திரவம். டாட் (DOT) 3, டாட் 4, டாட் 5.1 ஆகியவை கிளைக்கால் ஈதர் வகை. டாட் 5 சிலிக்கோன் வகை. இவ்விரு வகைகளையும் கலக்கக் கூடாது.

கிளைக்கால் வகை காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏறக் கொதிநிலை இறங்கும். அமெரிக்கத் தர விதிப்படி புதிய டாட் 4-இன் குறைந்தபட்சக் கொதிநிலை 230° செ.; சுமார் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தபின் 155° செ. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து மிதித்தால் பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி எளிதில் அமுங்குவதால் மிதி தரைவரை இறங்கியும் வண்டி நிற்காது. ஆகவே ஏறத்தாழ 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது பரவலான வழக்கம்.

மிதியை அழுத்தி மாற்றும் வழக்கமான முறைக்கு இருவர் தேவை. பிரேக்கில் உள்ள பிளீடர் (திரவத்தை வெளியேற்றும்) திருகில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, ஒருவர் மிதியை அழுத்தும்போது மற்றவர் திருகைத் தளர்த்துவார். மிதியை விடுமுன் இறுக்குவார். குமிழின்றித் தெளிந்த திரவம் வரும்வரை இது தொடரும். இடையில் பிரேக் ஆயில் தொட்டி வற்றினால் குழாய்க்குள் காற்று புகும். பெயின்டில் சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். பிரேக் ஆயிலுக்குப் பதிலாக என்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் உப்பிக் கெடும். வண்டிக்குரிய வகை பெரும்பாலும் தொட்டியின் மூடியிலேயே குறிக்கப்பட்டிருக்கும்.