விசுவாசத்துக்கு என்ன சாட்சி?

அடுத்த முறை ஒகேனக்கலுக்குக் கிளம்பினால், வழியில் தருமபுரி அருங்காட்சியகத்தில் ஒரு அரை மணி நேரம் செலவழியுங்கள். நடுகற்களைப் பார்க்கலாம். கையில் ஆயுதத்தோடு, காலை முன்வைத்துப் பாயத் தயாராக நிற்கும் வீரர்கள்! அதியமான் ஆண்ட பழைய தகடூர் பூமி இது. மாவட்டம் முழுக்க இப்படிப்பட்ட கற்கள் கிடைத்திருக்கின்றன.

பல கற்களில் வாசகம் ரொம்பச் சுருக்கம். இன்ன மன்னனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், இன்னாருடைய சேவகன் இன்னார், மாட்டு மந்தையை மீட்கும் சண்டையில் 'பட்டான்' என்றிருக்கும். பட்டான் என்றால், செத்தான். அவ்வளவுதான்!

கொஞ்சம் யோசித்தால் ஒரு விஷயம் உறைக்கும். அந்தக் கற்கள் எல்லாம் செத்துப்போன சேவகர்களுக்கு. தலைவனுக்காக உயிரை விட்டவனின் விசுவாசத்தை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். 1991 மே 21-ம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு சேர்ந்து அவருடைய மெய்க்காவலர் பிரதீப் குமார் குப்தாவும் இறந்தார். அவரைப் பற்றி யாராவது கேள்வி எழுப்பினார்களா? இல்லை.

சரி, தலைவர் இறந்துபோய், காவலன் உயிரோடு இருந்தால்? அதுவும் சுட்டவர்கள் அவனோடு வேலை பார்த்தவர்களாக இருந்தால்? அப்படி மாட்டிக்கொண்ட ஒருவர் டெல்லியில் இருந்தார். பெயர் பல்பீர் சிங். டெல்லி போலீஸில் சப்-இன்ஸ்பெக்டர். வேலை, பிரதமர் இந்திரா காந்தியின் வீட்டில் பாதுகாப்பு.

1984 அக்டோபர் 31. காலை ஒன்பது மணி தாண்டியிருந்தது. சஃப்தர்ஜங் சாலை வீட்டிலிருந்து, பக்கத்தில் அக்பர் சாலையில் இருந்த அலுவலகத்துக்கு இந்திரா நடந்து வருகிறார். அங்கே டி.வி. பேட்டிக்காக பிரிட்டிஷ் நடிகர் பீட்டர் உஸ்தினோவ் காத்திருக்கிறார். நடுவில் ஒரு சின்ன கேட். அங்கே காவலுக்கு நின்ற சப்-இன்ஸ்பெக்டர் பியாந்த் சிங் ரிவால்வரால் ஐந்து முறை சுட்டார். கான்ஸ்டபிள் சத்வந்த் சிங்கின் துப்பாக்கி 25 குண்டுகளைப் பொழிந்தது. அடுத்த சில நிமிடங்களில், காவல் அறையில் வைத்து பியாந்த் சிங் சுட்டுக் கொல்லப்பட்டார். படுகாயத்தோடு சத்வந்த் சிங் பிழைத்தார்.

அந்த நேரத்தில் பல்பீர் சிங் அங்கே இல்லவே இல்லை. அவருக்கு அன்று மாலைதான் டியூட்டி!

ஆனால் அவர் ஒரு சீக்கியர். பியாந்த் சிங்கோடு பழகியவர். அந்த வருஷம் ஜூன் மாதம் பொற்கோயிலுக்குள் ராணுவம் புகுந்த 'ஆபரேஷன் புளூ ஸ்டார்' நடவடிக்கையால் மனம் கொதித்தவர். அன்று கொதிக்காத சீக்கியர்கள் குறைவு என்பது வேறு விஷயம். கொலைக்குப் பிறகு டெல்லி வெறிபிடித்து அலைந்தது. தலைநகரில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள் என்பது பின்னாளில் அரசே ஒப்புக்கொண்ட கணக்கு. அந்தச் சூழ்நிலையில், பிரதமர் வீட்டில் வேலை பார்த்த ஒரு சீக்கியக் காவலர் மீது எந்தக் கண்கள் விழுந்திருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

நவம்பர் 1-ம் தேதி, விடியாத நேரத்தில் அவர் வீட்டைச் சோதனை போட்டார்கள். பிந்தரன்வாலே பற்றிய ஒரு புத்தகம் கிடைத்தது. அவரை யமுனா வெலோட்ரோமுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு விட்டுவிட்டோம் என்றது போலீஸ். டிசம்பர் 3-ம் தேதி நஜஃப்கர் பஸ் ஸ்டாண்டில் பிடித்தோம், சட்டைப் பையில் ஒரு தாள் இருந்தது என்றும் சொன்னது. அந்தத் தாளில் சில தேதிகள், துண்டு துண்டாகச் சில குறிப்புகள்.

அரசுத் தரப்பு வைத்த சாட்சியங்களில் விசித்திரமானது, ஒரு பருந்து! ஆமாம், பறவைதான். செப்டம்பர் மாதம் ஒருநாள் பிரதமர் வீட்டு மரத்தில் ஒரு பருந்து வந்து உட்கார்ந்ததாம். பல்பீர் சிங் அதை பியாந்த் சிங்குக்குக் காட்ட, இது குருவிடமிருந்து வந்த செய்தி என்று இருவரும் அங்கேயே நின்று பிரார்த்தனை செய்தார்களாம். சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங்கை, கையில் பருந்தோடு படங்களில் வரைவது வழக்கம். நம்மூரில் கருடன் வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, கிட்டத்தட்ட அதுபோலத்தான். அது சதியின் ஆரம்பம் என்று கோர்ட்டில் வாதாடப்பட்டது.

திகார் சிறைக்குள்ளேயே விசாரணை நடந்தது. 1986 ஜனவரி 22-ம் தேதி தீர்ப்பு. சத்வந்த் சிங், பியாந்த் சிங்கின் உறவினரான அரசு ஊழியர் கேஹர் சிங், பல்பீர் சிங்... மூவருக்கும் தூக்கு. அதே வருஷம் டிசம்பர் 3-ம் தேதி டெல்லி ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்தது. இரண்டு நீதிமன்றங்கள், ஒரே முடிவு. வெளியில் இருந்தவர்களுக்கு இனி என்ன சந்தேகம் இருந்திருக்கும்? சட்டப்படி குற்றச்சாட்டு கொலைச் சதிதான். ஆனால் மக்கள் பார்வையில் அவர் துரோகி. காவலுக்கு நின்ற இடத்திலேயே குழி பறித்தவர்!

மூன்றாவதாக வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. நீதிபதிகள் ஓஸா, ரே, ஜெகந்நாத ஷெட்டி மூவரும் சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பல்பீர் சிங்கை முதலில் பிடித்தபின் விட்டுவிட்டதாகச் சொல்கிறீர்களே, அதற்கு எழுத்தில் ஆதாரம் எங்கே? இல்லை. அவரோடு வேலை பார்த்த போலீஸ்காரர் ஒருவரின் சாட்சியம்தான் வழக்கின் முதுகெலும்பு. அவர் வாய் திறந்ததே கொலை நடந்து மூன்று வாரங்கள் கழித்து. முதல் வாக்குமூலத்தில் இல்லாத விஷயங்கள் அடுத்தடுத்த வாக்குமூலங்களில் முளைத்தன. அந்தத் தாளில் கோபமும் ஆதங்கமும் இருந்தன. சதித்திட்டம் இல்லை. யோசியுங்கள்... நிஜமாகவே சதிகாரனாக இருந்தால், ஊரே தேடுதல் வேட்டையில் இருக்கும்போது, தனக்கு எதிரான சாட்சியை ஒரு மாதம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பானா?

1988 ஆகஸ்ட் 3-ம் தேதி தீர்ப்பு வந்தது. பல்பீர் சிங் விடுதலை! முதல் தூக்குத் தீர்ப்பிலிருந்து எண்ணிப் பாருங்கள், 924 நாட்கள். கதவு திறக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்?

அந்த நீதிபதிகள் இளகிய மனசுக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே தீர்ப்பில் மற்ற இருவரின் தூக்கை உறுதி செய்தவர்கள் அவர்கள். 1989 ஜனவரி 6-ம் தேதி திகாரில் சத்வந்த் சிங்கும் கேஹர் சிங்கும் தூக்கிலிடப்பட்டார்கள். இப்படிக் கறாராக இருந்தவர்களே, பல்பீர் சிங் விஷயத்தில் ஆதாரம் போதாது என்றார்கள். இவர்களும் முந்தைய இரண்டு கோர்ட்டுகளைப் போலவே தலையாட்டியிருந்தால்? அன்று விடியற்காலை மூன்றாவதாக ஒரு கயிறும் தொங்கியிருக்கும். பிறகு எந்தத் தீர்ப்பு வந்து என்ன பயன்?

சந்தேகம் காவலர்களோடு நிற்கவில்லை. இந்திராவுக்குப் பின்னால் நடந்து வந்த அந்தரங்கச் செயலாளர் ஆர்.கே.தவான் மீதும் பாய்ந்தது. விசாரணை கமிஷனின் நீதிபதி தக்கர், சந்தேகத்தின் முள் தவானை நோக்கித் திரும்புவதாகவே எழுதினார். ஆனால் தவான் மீது வழக்கு எதுவும் போடப்படவில்லை. பிற்பாடு ராஜ்யசபா உறுப்பினராகவும் மத்திய அமைச்சராகவும் ஆனார். ஒரே கொலை, இரண்டு சந்தேகங்கள். செயலாளருக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. சப்-இன்ஸ்பெக்டர் தூக்குமேடை வரை போய்த் திரும்பினார்.

ஸ்ரீபெரும்புதூர் வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தடா கோர்ட் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த வருஷம் சுப்ரீம் கோர்ட் அதில் 19 பேரை விடுவித்தது. பெரிய தலைவர் ஒருவர் கொல்லப்படும்போது நாட்டுக்கே ஆத்திரம் வருகிறது. அது நியாயமானதும்கூட. ஆனால் ஆத்திரத்துக்கு எப்போதுமே ஆள் பற்றாக்குறை. சுட்டவன் இரண்டு பேர்தான் என்றால் அதற்குப் போதவில்லை. பக்கத்தில் நின்றவன், பேசிப் பழகியவன், மரத்திலிருந்த பறவையைப் பார்த்துக் கும்பிட்டவன் என்று தேட ஆரம்பித்துவிடுகிறது.

செத்துப்போன சேவகனுக்கு ஊர் கூடிக் கல் நட்டது. உயிரோடு நிற்கும் சேவகனுக்கு யார் சாட்சி சொல்வது? பல்பீர் சிங்குக்காக, கோபப்படாமல் காகிதங்களைப் படித்த மூன்று நீதிபதிகள் இருந்தார்கள். அதுவும் மூன்றாவது கோர்ட்டில்தான்!