முழுத்திரையிலிருந்து சாளரத்திற்கு: பழைய கணினி விளையாட்டுகள் பிழைத்த வரலாறு

வீட்டிற்குள் காற்று வரும் வழியைக் ‘காலதர்’ என்றனர் நம் முன்னோர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் இடம்பெற்ற சொல் இது. ஆங்கிலத்தார் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும், ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் பண்டை நோர்ஸ் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது என மொழிநூலார் கூறுவர். பலகணி, சாளரம் என்பனவும் நம்மிடையே உண்டு. நாள்தோறும் நாம் வழங்கும் சன்னலோ போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றது.

கணினித் திரையில் ஒரு நிரலுக்கென வகுத்துத் தரப்படும் சட்டத்திற்கும் சாளரம் என்றே பெயரிட்டுள்ளோம். பெயர் பொருத்தமானதே. சுவரில் ஒரு பகுதியாக இருக்கும் வரைதான் அது சாளரம். சுவர் முழுவதையும் அதுவே விழுங்கிவிட்டால் வீட்டில் வேறொன்றுக்கும் இடமிராது. பழைய கணினி விளையாட்டுகள் திரை முழுவதையும் விழுங்கியவை. அவற்றைச் சாளரத்துள் அடக்கும் கலை எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதும், விளையாட்டுக்குப் புறம்பாய் நிற்கும் தமிழாசிரியர்க்கு அதனால் யாது பயன் என்பதும் ஈண்டு ஆராயப்படும்.

தனியாட்சிக் காலம்

ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை 1981ஆம் ஆண்டு வெளியிட்டது. அதில் இயங்கிய டாஸ் என்னும் இயங்குதளம் ஒரு நேரத்தில் ஒரே நிரலுக்கு இடங்கொடுத்தது. அந்நிரல் முடியும்வரை திரை, விசைப்பலகை, நினைவகம் ஆகிய அனைத்தும் அதன் உடைமையே. அண்டை வீட்டாரைப் பற்றிய எண்ணமே அதற்கு வேண்டியதில்லை.

1987ஆம் ஆண்டில் வி.ஜி.ஏ. என்னும் வண்ணத்திரை முறை வந்தது. அதன் ஒரு நிலையில் குறுக்கே 320, நெடுக்கே 200 என மொத்தம் 64,000 புள்ளிகள் இருந்தன. ஒரு புள்ளிக்கு ஓர் எண் போதும். ஒரே மூச்சில் எட்டக்கூடிய நினைவகப் பகுதி 65,536 எண்களைக் கொள்ளும் ஆதலின், படம் முழுவதும் அதற்குள் அடங்கிற்று. விளையாட்டை எழுதியவர்கள் இயங்குதளத்திடம் இசைவு கேளாமல் நேரே அந்நினைவகத்தில் எண்களை எழுதினர். எழுதிய கணமே படம் தோன்றியது. 1990ஆம் ஆண்டு டாஸ் கணினிக்கு வந்த ‘பிரின்ஸ் ஆப் பெர்சியா’வும், 1993ஆம் ஆண்டு வந்த ‘டூம்’ என்னும் விளையாட்டும் இக்காலத்தன. அன்றைய எளிய பொறிகளில் அவை அத்துணை விரைவாக ஓடியதற்கு இத்தனியாட்சியே காரணம்.

சாளர முறை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. 1970களில் கலிபோர்னியாவிலுள்ள ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தார், ஒரே திரையில் பல தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடப்பது போன்ற அமைப்பை உருவாக்கினர். மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோசு முதற்பதிப்பு 1985 நவம்பரில் வந்தது. ஆயினும் விளையாட்டு எழுதுவோர் அதனை நெடுங்காலம் பொருட்படுத்தவில்லை. சாளரத்தில் ஒரு புள்ளியை இட வேண்டுமாயினும் இயங்குதளத்தின் வாயிலாகவே இட வேண்டும். அதற்குள் எதிரியின் அம்பு பாய்ந்துவிடும் அன்றோ?

1995ஆம் ஆண்டு ‘விண்டோசு 95’ வெளிவந்த பின்னர், டைரக்ட்டிரா என்னும் ஏற்பாட்டால் மைக்ரோசாப்ட் இதற்கொரு சமரசம் கண்டது. விளையாட்டு வேண்டினால் திரை முழுவதும் அதற்குத் தனியுரிமையாக வழங்கப்படும். முடிந்தபின் அது திருப்பித் தர வேண்டும். 1997ஆம் ஆண்டின் ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ்’ போன்ற புகழ்பெற்ற விளையாட்டுகள் இவ்வுரிமையை நம்பியே எழுதப்பட்டன.

உரிமை பறிபோன வரலாறு

2007ஆம் ஆண்டில் பொதுமக்களிடம் வந்த ‘விண்டோசு விஸ்டா’ அடிப்படையையே மாற்றியது. ஒவ்வொரு நிரலும் தன் படத்தை மறைவான ஓரிடத்தில் வரையும். அவற்றையெல்லாம் திரட்டித் திரையில் காட்டுவது இயங்குதளத்தின் பணி. இவ்வமைப்புக்கென எழுதப்பட்ட திரை இயக்கிகளின்கீழ் டாஸ் நிரல்கள் முழுத்திரை காண இயலாது போயின. 64-பிட் விண்டோசுப் பதிப்புகளோ 16-பிட் நிரல்களை ஏற்பதே இல்லை. 2021ஆம் ஆண்டு வந்த ‘விண்டோசு 11’ 64-பிட் வடிவில் மட்டுமே வெளியாயிற்று. இவ்வாறு, குறுந்தகடு கையில் பழுதின்றி இருப்பினும் அதிலுள்ள விளையாட்டு ஊமையாயிற்று.

இயங்கியவையும் இடர்ப்பட்டன. பழைய விளையாட்டு 256 வண்ணங்களைக் கொண்ட ஓர் அட்டவணையை வைத்துக்கொண்டு, ‘17ஆம் எண் நீலம்’ என்பது போல வரையும். அட்டவணை திரை முழுவதற்கும் ஒன்றே. விளையாட்டு தன்னுடையது என்று கருதிய அட்டவணையில் பிறிதொரு நிரலும் கைவைத்தால் வண்ணங்கள் இடம்மாறும். புதிய விண்டோசில் ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ்’ ஆடியோர் பலர், கடல்நீரும் புல்வெளியும் நிறம் திரிந்து தோன்றக் கண்டு திகைத்தனர். கணினி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் சென்றோரும் இருந்திருப்பர். கெட்டது கணினியன்று, ஓர் அட்டவணைக்கு இருவர் உரிமை கொண்டாடியதன் விளைவே அது.

கண்ணாடிப் பெட்டியும் துபாசியும்

இந்நோய்க்கு அறிஞர் இருவகை மருந்து கண்டனர். முதல் வகையை விளக்க எங்கள் கோலா கங்சாரில் நிற்கும் ஒரு மரமே போதும்.

1876ஆம் ஆண்டு பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இரப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்றன. அவற்றுள் முளைத்தவை இலங்கைக்கும், பின்னர்ச் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. 1877ஆம் ஆண்டு அவற்றுள் ஒன்பது கன்றுகள் கோலா கங்சாரில் நடப்பெற்றன. அவற்றுள் ஒரு மரம் வேலியிட்ட காப்பில் இன்றும் நிற்பதைக் காணலாம். நம் பாட்டனார் பாட்டிமார் பால்மரம் வெட்டிய தோட்டங்களுக்கெல்லாம் அத்தலைமுறைக் கன்றுகளே தாய். வெப்பநாட்டுக் கன்று குளிர்நாட்டுக் கடலைக் கடந்தது எங்ஙனம்? இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு கண்ட கண்ணாடிப் பெட்டியே அதற்குத் துணை. மூடிய பெட்டிக்குள் ஈரமும் வெப்பமும் காக்கப்படும். வெளியே உப்புக்காற்று வீசினும் கன்று அதனை அறியாது. கன்றை மாற்றவில்லை, அதன் தட்பவெப்பத்தையே உடன் அனுப்பினர்.

2002ஆம் ஆண்டு முதன்முதல் வெளியான ‘டாஸ்பாக்ஸ்’ அத்தகைய கண்ணாடிப் பெட்டியே. இஃது இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரல். பழைய கணினியின் செயலகம், வண்ணத்திரை, ஒலியட்டை ஆகியவற்றைப் போல நடித்து, ஒரு கற்பனைக் கணினியை ஒரு சாளரத்துக்குள் எழுப்புகிறது. உள்ளே இருக்கும் விளையாட்டு, தான் இன்னும் 1990ஆம் ஆண்டில் தனியாட்சி புரிவதாகவே எண்ணுகிறது. நேரே நினைவகத்தில் எழுதுகிறது. அவ்வெழுத்தை டாஸ்பாக்ஸ் வாங்கி நம் சாளரத்தில் வரைந்து காட்டுகிறது. ஆல்ட், என்டர் ஆகிய இரு விசைகளை ஒருங்கே அழுத்தினால் முழுத்திரையும் சாளரமும் மாறி மாறி வரும். பெட்டிக்குள் சிக்கிய சுட்டெலியை விடுவிக்கக் கண்ட்ரோல் விசையுடன் எப்10 விசையை அழுத்த வேண்டும்.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. பழைய திரையின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்னும் அளவின. 320க்கு 200 என்னும் புள்ளிகள் அத்திரையை நிரப்பியபோது ஒவ்வொரு புள்ளியும் அகலத்தினும் உயரம் மிகுந்து நின்றது. இன்றைய திரையின் புள்ளியோ சதுரம். அப்படியே காட்டினால் வட்டம் நசுங்கும், வீரன் குள்ளனாவான். ஆதலால் அகலத்தை ஐந்து மடங்கும் உயரத்தை ஆறு மடங்கும் பெருக்கினால் 1600க்கு 1200 ஆகி, ஓவியன் கண்ட வடிவம் மீளும். டாஸ்பாக்சின் அமைப்புக் கோப்பில் ‘ஆஸ்பெக்ட்’ என்னும் வரியை இயக்கினால் இவ்விகிதத் திருத்தத்தை நிரலே செய்துவிடும். கணக்காசிரியர்க்கு விகிதப் பாடத்திற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இரண்டாம் வகை மருந்து, விண்டோசு 95 காலத்து விளையாட்டுகளுக்கு உரியது. இவற்றுக்கு முழுப் பெட்டி வேண்டா. ஒரு துபாசி போதும். புதுவையில் ஆனந்தரங்கப் பிள்ளை பிரெஞ்சுக்காரர்க்கும் உள்நாட்டார்க்கும் இடையே நின்று, இருவர் மொழியும் அறிந்து காரியம் முடித்தாரன்றோ? அதுபோல விளையாட்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையே நிற்கும் சிறு நிரல்களை ஆர்வலர்கள் எழுதினர். ‘டிஎக்ஸ்விண்ட்’, ‘டிஜிவூடூ’, ‘சிஎன்சி-டிடிரா’ என்பன அவற்றுட் சில. விளையாட்டு ‘திரை முழுவதையும் தருக, 256 வண்ணம் தருக’ என ஆணையிடும். துபாசி ‘தந்தோம்’ என விடையிறுத்து, உண்மையில் ஒரு சாளரத்தை மட்டும் திறந்து, வண்ண எண்களை இன்றைய நிறங்களாகப் பெயர்த்து அதில் வரையும். விளையாட்டின் கோப்புறையிலேயே இதனை வைத்துவிட்டால், விண்டோசு தன் சொந்தக் கோப்பைத் தேடுமுன் இதனையே எடுத்துக்கொள்ளும். சில விளையாட்டுகளுக்கு இதுவும் வேண்டுவதில்லை. 2000ஆம் ஆண்டின் ‘டயப்லோ 2’ போன்றவை, தொடங்கும் கட்டளையின் இறுதியில் ஒரு சிறுகோடும் ‘டபிள்யூ’ எழுத்தும் சேர்த்தால் தாமே சாளரத்துள் அடங்கிவிடும்.

இராசேந்திரன் வந்த வழி

இவையெல்லாம் பொழுதுபோக்குவோர் வேலை என்று தள்ளிவிடலாகாது. ‘ஏஜ் ஆப் எம்பயர்ஸ் 2’ என்னும் விளையாட்டு 1999ஆம் ஆண்டு வந்தது. அதில் ஐரோப்பியர், அரபியர், மங்கோலியர், சீனர் முதலியோர் இருந்தனர். இந்தியர் எவரும் இல்லர். விற்பனை ஓய்ந்த பின்னரும் ஆர்வலர் அதனைக் கைவிடவில்லை. அகலத் திரைக்கும் சாளரத்துக்கும் ஏற்பத் திருத்தி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தனர். அவருள் ஒரு குழுவினர் 2012ஆம் ஆண்டு தாமே புதிய இனங்களைச் சேர்த்தனர். அவற்றுள் இந்தியரும் ஒருவர். மறு ஆண்டே அவ்வுழைப்பு அதிகாரமுறைப் பதிப்பாக ஏற்கப்பட்டது. 2022 ஏப்ரலில் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் தனி இனமாகவும், இராசேந்திர சோழன் ஒரு படையெடுப்புத் தொடரின் தலைவனாகவும் இடம்பெற்றனர். 1025ஆம் ஆண்டளவில் கடாரம் கொண்டவன் அவ்வேந்தன். அக்கடாரம் நம் பேராவுக்கு வடக்கே உள்ள கெடாவே. பழைய விளையாட்டு ஒன்று சாகாமல் காக்கப்பட்டதனாலன்றோ, 23 ஆண்டுகளுக்குப் பின் தமிழ் வேந்தன் அதில் அடியெடுத்து வைத்தான்! காக்கப்படாத விளையாட்டுகளின் நிலை வேறு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என 2023ஆம் ஆண்டு ஆய்வொன்று தெரிவித்தது.

பள்ளிக்கு என்ன பயன்?

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நடந்தது. அதனை ஒட்டிப் பாடக் குறுந்தகடுகள் பள்ளிகளுக்கு வந்தன. திட்டம் கைவிடப்பட்டது, குறுந்தகடுகள் அலமாரியில் தங்கின. தமிழ் எழுத்தும் சொல்லும் விளையாட்டாகக் கற்பிக்கும் குறுந்தகடுகளையும் அக்காலத்தில் ஆசிரியர் பலர் சொந்தப் பணத்தில் வாங்கினர். பிளாஷ் என்னும் முறையில் எழுதப்பட்ட கல்வி விளையாட்டுகளோ, 2020 திசம்பர் 31ஆம் நாள் அதன் ஆதரவு நின்றதும் இணையத்தில் ஓய்ந்தன. ‘ரபிள்’ என்னும் இலவச நிரல் அவற்றுள் பலவற்றை இன்று மீட்டுத் தருகிறது. அதுவும் ஒரு கண்ணாடிப் பெட்டியே.

ஆசிரியனுக்குச் சாளரம் தரும் நன்மை இன்னும் ஒன்றுண்டு. முழுத்திரையில் விளையாட்டு ஓடினால் மாணவன் அதனுள் மூழ்கிப்போகிறான். ஆசிரியன் குரல் எட்டுவதில்லை. அதனையே பாதித் திரையில் வைத்து, மறுபாதியில் தமிழ்ச் சொற்பட்டியலைத் திறந்து வைத்தால், கோட்டை என்றும் அகழி என்றும் கலம் என்றும் அவன் காண்பதற்கெல்லாம் பெயர் கிடைக்கிறது. தோட்டத்திலிருந்து வரும் பிள்ளைக்கு ஆங்கில விளையாட்டும் தமிழ்ப் பாடமாகிவிடும்.

தமிழுக்கும் இவ்வரலாறு புதிதன்று. நம் நாட்டுத் திருவாளர் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டு ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கிய நாள்முதல், தமிழும் டாஸிலிருந்து விண்டோசுக்கும், பல்வேறு குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கும் இடம்பெயர்ந்தே வந்துள்ளது. ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பள்ளி மலர்களும் வினாத்தாள்களும், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றுவதை நாம் அறிவோம். விளையாட்டுக்கு நேர்ந்ததே அவற்றுக்கும் நேர்ந்தது. மருந்தும் அதுவே: பழைய சூழலை ஒரு சாளரத்துள் எழுப்பிப் படித்து, புதிய குறியேற்றத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியைத் தூய்மை செய்யும்போது பழைய குறுந்தகடுகளையும் வன்தட்டுகளையும் குப்பையில் இடாதீர். உரிமையுடன் பெற்ற தகட்டை வன்தட்டில் படியெடுத்து வையுங்கள். அது எந்த ஆண்டுக் கணினியில், எந்த இயங்குதளத்தில், எந்த எழுத்துருவுடன் ஓடியது என்பதை ஒரு தாளில் எழுதி அதனுடன் சேருங்கள். பள்ளியில் எவரேனும் ஒருவர் டாஸ்பாக்சை இயக்கப் பழகிக்கொண்டால் போதும். குறுந்தகட்டின் பூச்சு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆதலால் இப்பணியை அடுத்த விடுமுறையிலேயே தொடங்குவது நன்று.