எழுத்துரு போனால் தமிழும் போச்சு

அப்பா தன் ஊர்க்கதைகளை பாமினி எழுத்துருவில் தட்டி வைத்திருந்தார். அவர் போன பிறகு, அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டினேன். தமிழையே காணோம். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில எழுத்துகள். பகீரென்றது.

காரணம் தேடிப்போனால் கதை 1970களின் கலிஃபோர்னியாவுக்கு இழுத்துக்கொண்டு போனது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் பிராவோ என்றொரு எழுதுமென்பொருள் இருந்தது. தட்டும் எழுத்து சில நேரம் எழுத்து, சில நேரம் கட்டளை. கட்டளை நிலையில் இருப்பதை மறந்து 'எடிட்' என்று தட்டினால் ஆவணம் மொத்தமும் அழிந்து ஒரே ஒரு 'டி' மிஞ்சும்! லாரி டெஸ்லரும் டிம் மாட்டும் 1975 வாக்கில் உருவாக்கிய ஜிப்ஸி இந்தக் குழப்பத்தைத் தவிர்த்தது: முதலில் சொற்களைத் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்யணும்னு சொல்.

இன்றும் நாம் அப்படித்தான் செய்கிறோம். 1987இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆர்டிஎஃப் வடிவமும், விண்டோஸ் 95இன் வேர்ட்பேடுக்குள் இருந்த ரிச் எடிட் பெட்டியும் எழுத்தை ஒரு பக்கம், அதன் தோற்றத்தை இன்னொரு பக்கம் வைத்தன. தேர்ந்தெடுத்த சொல்லைத் தடிமனாக்கினால் சொல் மாறாது. 'இங்கிருந்து இதுவரை தடிமன்' என்ற குறிப்பு மட்டும் சேரும். குறிப்பை எடுத்துவிட்டாலும் சொல் அப்படியே இருக்கும்.

ஆங்கிலத்துக்கு இது சரி. ஆனால் பாமினியில் தமிழ் என்பதே அந்தக் குறிப்புதான். உள்ளே கிடந்தது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருந்தது தமிழ் உருவம். நோட்பேட் போர்வையை உருவிவிட்டது, அவ்வளவுதான். 1991இல் வந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண்கள் கிடைத்துவிட்டன. அவை அப்பாவின் விசைப்பலகைக்கு வந்து சேரவே இல்லை.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். 'அம்மா' இப்போது எங்கே ஒட்டினாலும் அம்மாதான். நிம்மதியாக மூலக்கோப்பை மறுபடி திறந்தபோதுதான் கவனித்தேன்: இறந்துபோனவர்களின் பெயர்களை மட்டும் அப்பா தடித்த எழுத்தில் போட்டிருந்தார். மாற்றியதில் அது மொத்தமாகப் போயிருந்தது.

அன்று ராத்திரி ஒவ்வொரு பெயராகத் தேர்ந்தெடுத்துத் தடிமனாக்கினேன். கடைசியில், அவர் போட்டிருக்க முடியாத ஒரு பெயரையும்.